மந்தைவெளி அடைக்கோழிக்குக் கோட்டூர்புரத்துக் குஞ்சுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் கிளம்பி தி.நகர், அசோக் நகர், கோட்டூர்புரம் என்று சுற்றிவிட்டு மறுபடி மந்தைவெளிக்கே வந்தேன். மொத்தம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். சுற்றிப் பார்க்க வழியில் ஒன்றும் இல்லை. அடையில் உட்கார்ந்த என் கோழி அப்படியே செத்துவிடுமோ என்று பயந்து கிளம்பிய பயணம் இது. உங்கள் வீட்டிலும் ஒரு கோழி இதே நிலையில் இருந்தால், உங்களுக்கு அரை நாளாவது மிச்சமாகட்டும்.

கல்லூரியை மூன்றாம் செமஸ்டரில் விட்டேன். அதன் பிறகு, வாடகை வீட்டின் பின்பக்கம் பன்னிரண்டுக்குப் பதினைந்தடி மண்ணில், வீடியோ பார்த்து, எதையும் வீணாக்காத பெர்மாகல்ச்சர் தோட்டம் போட்டேன். சருகு மூடாக்கு, குளியல் தண்ணீர் போய்ச் சேரும் வாழைக்குழி, எருவைக் கிளறிவிட இரண்டு கோழிகள். வீடியோவில் வருகிற கோழி எருவைத்தான் கிளறும். என் கறுப்புக் கோழி கீரை நாற்றைக் கிளறியது. பழுப்புக் கோழி எதையும் கிளறாமல் முட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டது. அடை என்றான் கூட இருக்கும் முருகேசன். அவன் தூத்துக்குடிப் பக்கம், தி.நகர் ஜவுளிக் கடையில் வேலை.

"மச்சி, முட்டைய ஒத்தப்படையிலதான் வைக்கணும். கூட ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு. இல்லன்னா இடிச் சத்தத்துல முட்ட கெட்டுப்போவும்லா."

கூடையில் மணல், ஒன்பது முட்டை, ஆணி, கரி. எல்லாம் வைத்தேன். காலண்டரில் இருபத்தொரு நாள் கோடு போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இருபத்து நாலாம் நாள் ஒரு முட்டை வெடித்து வீடே நாறியது. முருகேசன் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"ஆமா, சேவல் எங்க?"

"எந்தச் சேவல்?"

மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். "ஏல, சேவல் இல்லாம எப்படில பொரிக்கும்?"

"நீ சொல்லவே இல்லயே."

"அதப்போயி யாராச்சும் சொல்லுவாங்களா? எங்கூர்ல சேவல் தெருவுல நிக்கும்."

முட்டைகளை எடுத்துப் புதைத்தேன். கோழி வெறும் கூடையில் உட்கார்ந்தது. கூடையை எடுத்தேன், வெறுந்தரையில் உட்கார்ந்தது. முன்பு தினமும் ஒரு தடவை இறங்கித் தின்னும், இரண்டு நாளாக அதுவும் இல்லை. கொண்டை வெளுத்துவிட்டது, தூக்கினால் இறகுதான் கனத்தது. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். தண்ணீரில் முக்கு என்றார் ஒருவர். முக்கினால் செத்துவிடும் என்றார் அடுத்தவர். புதுக் குஞ்சுகளை அடியில் வை என்றார் மூன்றாமவர். மூன்று பேருமே பத்து வருட அனுபவம் என்றார்கள். யாரை நம்புவது? மூன்றாவதில் மட்டும் கோழிக்கு ஏதோ கிடைக்கிறது. அதனால் அது.

காலை 9.10க்குப் பேருந்து. தி.நகர் ஐந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம், பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். அங்கிருந்து அசோக் நகருக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். செல்லப்பிராணிக் கடையில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் போட்ட குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"இது இன்னா ரகம்ணா?"

"கோழி ரகம்" என்றார் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "இதுக்குப் பத்து நாளு ஆவுது. உன் கோழி சேக்காது, கொத்தியே சாவடிச்சுடும். கோட்டூர்புரம் ஆத்தோரம் மீன் விக்குற செல்விகிட்ட கேளு. நேத்துதான் பொரிச்சிதுன்னு சொல்லிச்சு."

ஆட்டோ நூற்றெண்பது ரூபாய், ஆறு கிலோமீட்டர். 11.50க்கு இறங்கினேன். செல்வி அக்கா வீட்டுக்கு எதிர் வரிசையில் பாதி வீடுகள் இல்லை, இடித்துவிட்டு அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்களாம். இடிந்த சுவர்களுக்கு நடுவே அவருடைய கோழிகள் மேய்ந்தன. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி, "யோவ், இங்க வந்து பாரு. ஆணி வெச்சி குஞ்சு பொரிக்கப் பாத்துகீறான்" என்று புருஷனைக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

"போட்டோ காட்டு." பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. "இன்னா நைனா, இப்டி எளச்சிக்கீது. தோ பாரு, அஞ்சு தரேன். இருட்டுனப்புறம் ஒண்ணொண்ணா பின்னாடிலேர்ந்து உள்ள வுடு. கொத்துச்சுன்னா ஒடனே எடுத்துடு. காலைல எழுந்து தின்னலன்னா எனக்கு போன் போடு."

ஐந்து குஞ்சு, முந்நூறு ரூபாய். கோட்டூர்புரத்தில் 12.40 ரயில், ஐந்து ரூபாய் டிக்கெட், இரண்டாவது நிறுத்தம் மந்தைவெளி. குஞ்சுகளைப் போட்டுக்கொண்டு வந்த செருப்புப் பெட்டியை மூடினால் சத்தமே இல்லை. செத்துவிட்டதோ என்று திறந்தால் ஐந்தும் கத்தின. மூடினேன், திறந்தேன். எதிர் சீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், "மூடுப்பா, அதுக்குக் குளிருது" என்றார்.

மாலை வரை பல்புக்கு அடியில் வைத்திருந்தேன். 6.45க்கு இருட்டியதும் முதல் குஞ்சை உள்ளே விட்டேன். கோழி என் கையைக் கொத்தியது. குஞ்சைத் தொடவில்லை. ஐந்தும் உள்ளே போனதும் இறக்கையை அகட்டிக்கொண்டது. அது சம்மதமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

காலை ஆறு மணிக்குக் கம்பு தூவினேன். கோழி எழுந்து தள்ளாடி வந்தது. ஒரு மணியைக் கொத்தி எடுத்தது, கீழே போட்டது. மறுபடி எடுத்தது, போட்டது. விழுங்கவே இல்லை. செல்வி அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, முழுங்க மாட்டேங்குது. எடுத்து எடுத்துக் கீழ போடுது."

"சத்தம் வுடுதா?"

"கொக் கொக்னு சின்னதா."

"கீழ போட்டத்த யாரு துன்றது?"

குனிந்து பார்த்தேன். "குஞ்சு."

"அப்புறம் இன்னா? போன வையி. மீன் வாங்க ஆளு நிக்குது."

கிளம்புகிறவர்களுக்கு: அசோக் நகர் தேவையில்லை, நேராகக் கோட்டூர்புரம் போங்கள். இரண்டு நாளைத் தாண்டிய குஞ்சை வாங்காதீர்கள். ரயிலில் பெட்டியைத் திறக்காதீர்கள். காற்றுக்கு நாலு ஓட்டை போதும். ஒன்பது முட்டைக்குக் காத்திருந்த கோழி, யாரோ பெற்ற ஐந்தை ஏன் ஏற்றுக்கொண்டது என்று கேட்காதீர்கள். எனக்குப் புரியவில்லை.

அங்கேயே நின்று பார்த்தேன். குஞ்சுகள் ஒவ்வொன்றாக இரைப்பை புடைத்து உட்கார்ந்தன. ஐந்தாவதும் உட்கார்ந்த பிறகு கோழி ஒரு மணியை எடுத்தது. கீழே போடவில்லை.