தேய்ந்த யானை

எங்கள் இணுவில் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு மினுக்கும் நாள். பழப்புளியும் சாம்பலுமாகச் சின்னம்மா கிணற்றடியில் குந்துவார். முதலில் குத்துவிளக்கு, பிறகு தூக்குவிளக்கு, கடைசியாக ஒரு யானை.

யானை என்றால் சித்தப்பாவின் தொப்பியில் இருந்த பித்தளைச் சின்னம். கல்யாணமான கையோடு அவருடைய பட்டாளத்தை எகிப்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே புதுத் தொப்பியும் புதுச் சின்னமும் கிடைக்கும் என்று, பழையதைக் கழற்றிச் சின்னம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனாராம். யானையும் அதன் கீழே படைப்பிரிவின் பெயரும். ஆள் எந்தப் படை என்று மற்றவர்கள் அதைப் பார்த்து அறிவார்கள். சின்னம்மாவுக்கு அதுதான் ஆள்.

விளக்குக்கு ஒரு தேய்ப்பு என்றால் யானைக்குப் பத்து. முதலில் தந்தம் போனது. பிறகு எழுத்துகள் போயின. தும்பிக்கையும் மழுங்கத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்தது, பெரியவளானதும் அதை எனக்குத் தருவதாகச் சின்னம்மா சொல்லியிருந்தாரே!

"உப்பிடி மினுக்கினால் அவர் வரேக்கை யானை பூனையாப் போயிடுமடி" என்று அம்மா பகிடி பண்ணுவார்.

"பூனையெண்டாலும் பரவாயில்லை அக்கா. ஆள் வந்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

ஒருநாள் சித்தப்பாவோடு இருந்த பட்டாளக்காரர் ஒருவர், காயம்பட்டுத் தன் ஊரான கொழும்புத்துறைக்குத் திரும்பியவர், எங்களைத் தேடி வந்தார். சித்தப்பா சுகமாக இருக்கிறார், ஆனால் சண்டை முடியுமட்டும் லீவு இல்லை என்றார். நான் ஓடிப்போய் யானையைக் கொண்டுவந்து காட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுப் பெடியள் பழைய ஆக்கள் மாதிரிக் காட்டச் சின்னத்தை மண்ணிலை தேய்ப்பாங்கள். அப்பவும் இப்பிடி வராது. இது பதினைஞ்சு வருசம் பட்டாளத்திலை கிடந்த ஆளின்ரை எல்லோ? ஆரின்ரை?"

"அவரின்ரைதான்" என்றார் சின்னம்மா.

"அவர் சேந்து நாலு வருசம்கூட ஆகேல்லையே, தங்கச்சி!"

சின்னம்மா யானையை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார். தண்ணீர் கொதித்து வற்றிய பிறகும் வெளியே வரவில்லை.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. தேய்ப்பதில் எங்கள் சின்னம்மா பட்டாளத்தையே வென்றுவிட்டார் என்று ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். அம்மா பிடித்து வாயில் ஒன்று போட்டார். நல்ல சேதிக்கு ஏன் அடி என்று அழுதுகொண்டே படுத்தேன்.

அடுத்த வெள்ளி சின்னம்மா விளக்குகளை மட்டும் மினுக்கினார். புளியில் ஊறி வெளுத்த அந்தக் கையை ஒருமுறை பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இப்போது இருக்கிறது. அன்று, "யானை?" என்றுதான் கேட்டேன்.

"காணும் பிள்ளை, மினுக்கினது" என்று வாசல் படலைப் பக்கம் பார்த்தார்.

அதுதானே, வென்றாயிற்று, இனி எதற்கு மினுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.