வெள்ளத்து வீடுகளின் ஓவசியர்

கிறவல் றோட்டும் மதகும் பொதுக்கிணற்றுக் கட்டும் பார்த்துக்கொண்டிருந்த வரையில் ஓவசியர் ஸைனுலாப்தீனுக்கு வேலை ஒரு பாரமாகத் தெரியவில்லை. மதகு உடைந்தால் கட்டலாம். எந்த மதகும் அவரைப் பார்த்து அழுததில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழிப் பெருவெள்ளம் கல்முனைக்குத் தெற்கே கடலோரக் குடிசைகளை அள்ளிக்கொண்டு போனதற்குப் பிறகுதான் இந்த வினை வந்தது. புருஷனை இழந்து ஆதரவற்று நின்ற பெண்களுக்கென்று தகரக்கூரை போட்ட சின்ன வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு கிராமச் சங்கத்தின் தலையில் விழுந்தது. சங்கம் என்றால் வேறு யார், ஸைனுலாப்தீனின் கால்கள்தான்.

சட்டம் சுருக்கமானது. வீட்டைப் பெற்றவளே அதில் குடியிருக்க வேண்டும். விற்கவோ வாடகைக்கு விடவோ கைமாற்றவோ கூடாது. மாற்றினால் வீடு திரும்ப எடுக்கப்பட்டு, காத்திருக்கும் இன்னொருத்திக்குப் போய்விடும். இதைப் பார்க்க அவர் அடிக்கடி போய்வருவார். கடற்கரை மணலில் சைக்கிள் ஓடாது. உருட்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு வேலிக் கடப்படியிலும் ஒரு தேத்தண்ணியும் ஒரு முறைப்பாடும் காத்திருக்கும். ஒழுகும் கூரை, சாய்ந்த வேலி, அயல்வீட்டு ஆடு. சங்கத்தில் கதைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அவர் வாயில் தேய்ந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால், ஊர்க் கைம்பெண்களெல்லாம் உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறதோ என்று மனைவி நஸீறா பகிடி பண்ணுவாள்.

அவர் குடியிருந்த அந்த வீடும் நஸீறாவின் வீடுதான். பாலமுனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர் அவர். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, மாமி பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு மவுத்தாகும்வரை அதிலேயே இருந்தார். அந்தப் பக்கத்தில் அது ஒரு சங்கதியே அல்ல. தாய் என்றால் அப்படித்தான் செய்வாள்.

ஹவ்வா உம்மாவும் அப்படித்தான் செய்தார். வெள்ளத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவர். ஒரே மகள் சுபைறா. கரைவலைக்குப் போகும் காலிதீனுக்கு அவளைப் பேசி முடித்தபோது, சங்கம் தந்த வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்னால் கிடுகு வேய்ந்த குசினிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். நிக்காஹ் வைபவத்தில் சங்கத்துச் சேர்மன் மீராசாஹிபு முன்வரிசையில் இருந்தார். ஸைனுலாப்தீன் அவருக்குப் பக்கத்தில் இருந்து நெய்ச்சோறு சாப்பிட்டார். தன்னந்தனியாக நின்று மகளை வீட்டோடு கரைசேர்த்துவிட்டாளே என்று இருவரும் வாயாரப் புகழ்ந்தார்கள். சட்டம் மீறப்பட்டதாக அந்தப் பந்தலில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

சபூறாவுக்குத் தோன்றியது. அவளுக்கும் புருஷன் இல்லை. மச்சானின் நெல்லுக் கொட்டிலுக்குள் பிள்ளைகளோடு ஒதுங்கிக் கிடந்து, வீட்டுக்குக் காத்திருந்தவர்களில் முதலாவதாக நின்றவள். ஓவசியரின் கடப்படியில் வந்து நின்று, அண்ணனை அழைப்பதுபோல் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

“ஹவ்வா உம்மா வீட்டக் குடுத்திட்டா. இப்ப அது மகள்ட வீடு. மகளுக்கு மாப்பிள்ள இரிக்காரு. எனக்கு ஆர் இரிக்கா, காக்கா?”

பார்ப்போம் என்றார். பார்ப்போம் பார்ப்போம் என்று மாதங்கள் போயின. சபூறா பஸ் ஏறி மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரிக்கே போய் முறையிட்டுவிட்டாள். விசாரிக்கக் குணம் என்றொரு உத்தியோகத்தர் வருகிறார் என்று தகவல் வந்தது.

ஸைனுலாப்தீன் சேர்மனிடம் ஓடினார். கல்யாணச் சோறு தின்ற வாயால் அவளை எழும்பச் சொல்ல என்னால் முடியாது, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, சேர்மன் அக்கரைப்பற்றுக்கு நெல் வியாபாரமாகப் போய்விட்டார். ஓவசியர் ஹவ்வா உம்மாவிடம் போனார். பாயை எடுத்து உள்ளே போடுங்கள், இது என் வீடு என்று ஒரு சொல் சொல்லுங்கள், மகளும் மருமகனும் உங்களோடு இருப்பதைச் சட்டம் தடுக்காது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஹவ்வா உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீரை வேலியோரம் ஊற்றிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

மறுநாள் குணம் சட்டை நனைய வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், முற்றத்திலேயே நின்றுகொண்டார். காலிதீன் கடல் தொழிலிலிருந்து வந்து, வலைக் கயிறு தோளில் கிடக்கக் கடப்படியில் நின்றான். சுபைறா வாயும் வயிறுமாகக் கதவுக்குப் பின்னால்.

“இது ஆர்ட வீடு, உம்மா?” என்று குணம் கேட்டார்.

“மகள்ட.”

“உங்களுக்குத்தானே தந்தது?”

“ஓம், தந்த. நான் மகளுக்குக் குடுத்திட்டன்.”

குணம் ஓவசியரைப் பார்த்தார். ஸைனுலாப்தீன் முன்னே வந்து, “உம்மா, மகளும் மருமகனும் ஒங்களோட இரிக்காங்க, அவ்வளவுதான் எண்டு சொல்லுங்க. வாயால சொன்னாக் காணும்” என்றார்.

ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டார்.

“சீதனம் குடுத்ததும் வாயாலதான் மகன், நாலு பேருக்கு முன்னால. நீங்களும் இருந்தீங்க. இப்ப மருமகன்ட முகத்துக்கு நேரா என்ட வீடெண்டு சொன்னா, அவர் ஆர்ட வீட்டுல இரிக்கிற? ஒங்கட மாமி ஒங்களுக்கு அப்பிடிச் சொன்னாவா?”

அந்த வளவில் நின்ற ஆண்கள் மூவரும் பெண்சாதி வீட்டில் குடியிருப்பவர்கள். குணமும் அப்படித்தான், மட்டக்களப்பும் அதே வழக்கமுள்ள ஊர். அவர் இன்னொருமுறை கேட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை.

றோட்டுக்கு வந்ததும் குணம், “நான் மாத்தி எழுதினா அந்த மற்றப் பொம்புள திரும்ப வருவா. அவ சொன்னதும் பொய்யில்லையே, ஓவசியர்” என்றார். இல்லை என்று ஸைனுலாப்தீன் தலையசைத்தார்.

வீட்டை விடும்படி உத்தரவு வந்தது. வீடில்லாதவளோடு என்ன குடும்பம் என்று காலிதீனின் தாய் வீட்டார் கதைத்தார்கள். அவன் காது கொடுக்கவில்லை. சுபைறாவைக் கடற்கரையில் வலை வைக்கும் தன் மீன்வாடிக் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஹவ்வா உம்மா தறிக்கு நூல் சுற்றிப் பிழைக்க மருதமுனையில் தங்கையிடம் போனார். போகுமுன் தரையை மெழுகிவிட்டுத்தான் போனார். ஓவசியரை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவர் நஸீறாவிடம் சொன்னார். இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சேர்மனிடமும் கேட்டுப் பார்த்தார். உங்களைவிட்டால் யார் நடப்பார்கள் என்றார் சேர்மன்.

சபூறாவுக்கு வீட்டைத் திறந்துவிட்டதும் அவர்தான். அவள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள். உயர்ந்து வளர்ந்த மூத்த மகள் வாசலில் நின்றாள். அவளைப் பார்த்துவிட்டுச் சபூறா குரலைத் தாழ்த்தினாள்.

“இவள ஒரு இடத்துல கேட்டிரிக்காங்க, காக்கா. வீடு இரிக்கா எண்டுதான் கேக்காங்க.”

ஸைனுலாப்தீன் சாவியை அவள் கையில் வைத்தார்.

“இரிக்கி எண்டு சொல்லுங்க தங்கச்சி. மகளுக்குக் குடுத்திட்டன் எண்டு மட்டும் எனக்கிட்டச் சொல்லாதங்க.”

அவளுக்கு அது கேட்டதோ என்னவோ. பின்கதவைத் திறந்து வளவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்கொரு கொட்டில் போட எந்தப் பக்கம் தோது என்று கேட்டாள். அவர் இறங்கிப் போய் மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தார். வடக்குப் பக்கம் மாரிக்குத் தண்ணீர் நிற்கும், தெற்குப் பக்கமாகப் போடுங்கள் என்றார்.