ரஃபீக் பாயின் வேனுக்கு ஒட்டிய ஸ்மோக் பிலிம்

ஹெட்லைட்டுக்கு பிலிம் ஒட்டும் வேலைக்கு நான் வந்த முதல் நாள், கடை ஓனர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். சோப்புத் தண்ணீர் அடி, பிலிமைப் போடு, ரப்பர் பட்டை வைத்த ஸ்க்வீஜியால் தண்ணீரைத் தள்ளு, வளைவில் ஹீட் கன் காட்டு. கடைசியில் வண்டிக்கு முன்னால் நின்று குமிழ் இருக்கிறதா என்று பார். "கஸ்டமரும் அங்கதான் நின்னு பாப்பான். அவன் கண்ணுக்கு நல்லா இருந்தா போதும்" என்றார்.

ஓசூர் பைபாஸ் ஓரத்துக் கடை. பதினாறு வருடம் அப்படித்தான் பார்த்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு வண்டியின் வெளிச்சத்தைக்கூடப் பார்த்ததில்லை. பட்டப்பகலில் ஒட்டுகிற வேலை, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. இன்று கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போய்விட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அந்த வலியைப் பற்றி நான் பேசுவதில்லை. இந்த ஒரு வேனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ரஃபீக் பாய் பேரிகைப் பக்கத்துப் பெண்களை ஏற்றிவந்து முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனியில் இறக்கிவிடுவார். வேன் வேறொருவருடையது. அந்த ரோட்டில் கல் லாரிகள் அதிகம். ஜல்லி தெறித்து ஹெட்லைட் கீறுகிறது, கிளியர் பிலிம் போட்டுக் கொடும்மா என்று வந்தார். கிளியர் தீர்ந்திருந்தது. புகை நிறத்து ஸ்மோக்தான் ஒரு ரோல் கிடந்தது. நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்கலாம். வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினால் ஓனர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

"லைட் ஸ்மோக்தான் பாய். வெளிச்சம் கொறையாது" என்றேன். எல்லாக் கடையிலும் சொல்கிற பொய்தான். வேலை சுத்தமாக வந்தது, ஒரு குமிழ் இல்லை. அவரும் முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அது மார்கழி மாதம். ஓசூர்ப் பனி விடிகாலையில் ரோட்டையே மூடிவிடும். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். வேனின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் மகள் பெயர் ஸ்டிக்கரைப் பசை தெரியாமல் எடுத்துத் தரச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். நாளையிலிருந்து வேறு டிரைவராம்.

"கண்ணு போச்சும்மா" என்றார். "விடிகாலைல ரோடே தெரிய மாட்டேங்குது. நேத்து சைக்கிள்ல பால் கேன் கட்டிட்டு வந்தவரக் கிட்டப் போனப்பறம்தான் பாத்தேன். வண்டில பன்னெண்டு பொண்ணுங்க. மனசு கேக்கல, நானே வேன் ஓனர்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

எங்கள் ஓனர் தூரத்திலிருந்தே எதையும் சொல்ல வேண்டாம் என்று ஜாடை காட்டினார். வேனை உள்ளே எடுக்கச் சொல்லி ஷட்டரை இறக்கினேன். ஒரு பக்கத்து பிலிமை மட்டும் உரித்துவிட்டு, லைட்டைப் போடச் சொல்லி அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பாதி பளிச்சென்று இருந்தது. மறுபாதி பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. பதினாறு வருடத்தில் அன்றுதான் என் வேலையை நான் பார்த்தேன்.

"கண்ணுல கோளாறு இல்ல பாய். கொறையும்னு தெரிஞ்சேதான் ஒட்டினேன்" என்றேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து நாளா வீட்லகூட சொல்லாம பயந்துட்டு இருந்தேம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேன் ஓனருக்கு நானே போன் செய்து, தப்பு என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா கண்ணு தெரியலன்னு அவரே சொல்லிட்டாரு. இனி அந்தப் பொண்ணுங்கள அவரு வண்டில வீட்ல அனுப்புவாங்களா?"

பிலிமை உரித்த வேனை மறுநாள் வேறொருவர் ஓட்டிப் போனார். ரஃபீக் பாய் இப்போது மத்திகிரியில் ஒரு குடோனில் மூட்டை இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறார். வழியில் பார்த்தால் நலம் விசாரிக்கிறார். எனக்குத்தான் நின்று பேச முடிவதில்லை.

இப்போதெல்லாம் ஸ்மோக் கேட்டு வருகிறவர்களிடம், வெளிச்சம் குறையும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே குறையாது என்று சொல்வார்கள். அந்த வண்டிகளும் விடிகாலையில் அதே ரோட்டில்தான் போகின்றன.