ஒற்றைப்படை அவனுக்கு, இரட்டைப்படை எனக்கு

மோட்டார் சைக்கிளை ஆளுக்குப் பாதியாக வாங்கலாம் என்ற யோசனை அவனுடையது. நாள்களைப் பங்கு பிரித்த முறை என்னுடையது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவனை மனம் நிறையத் திட்ட முடியவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு, கோப்பெங் அருகே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்கார துரை ஊருக்குப் புறப்படுமுன் தன் பழைய வண்டியை விற்றார். இங்கிலாந்தில் ஐம்பதுகளில் செய்தது. ஒற்றை சிலிண்டர், கறுப்புத் தொட்டி, தொட்டியில் பொன்னிறக் கோடு. நான் தோட்ட ஆபீசில் கிராணி. கணக்கு, கடிதம், லீவுப் பதிவு எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். அவன் ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்ப்பவன். இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். தனித்தனியாக அந்த வண்டியை வாங்க எங்கள் இருவராலும் முடியாது.

வாரக் கணக்கு வேண்டாம், சண்டை வரும் என்று சொன்னது நான். ஒற்றைப்படைத் தேதிகள் ஒருவனுக்கு, இரட்டைப்படைத் தேதிகள் மற்றவனுக்கு. காலையில் பெரட்டுக்கு ஆள்கள் கூடும் இடத்தில் சங்கிலிப் பூட்டின் சாவி கை மாற வேண்டும். ஒரு குழந்தைக்கும் புரியும் முறை என்று பெருமைப்பட்டேன்.

“எனக்குக் கிறிஸ்மஸ் வேணும் மச்சான். இருபத்தஞ்சு ஒத்தப்படை. அத நான் எடுத்துக்கிறேன்” என்றான்.

“எடுத்துக்க” என்றேன்.

ஜூலை கடைசியில் வாங்கினோம். முப்பத்தொன்றாம் தேதி அவன் ஓட்டினான். மறுநாள் காலை பெரட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

“என்னா கைய நீட்டுற?”

“சாவி.”

“இன்னிக்கு ஒண்ணாந் தேதி லா. ஒண்ணு ஒத்தப்படைதானே?”

ஆள்களுக்கு முன்னால் நீட்டிய கையை மடக்கி, சட்டைப்பையில் பேனாவைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன். அன்று ஆபீசில் காலண்டரை எடுத்து எண்ணினேன். முப்பத்தொரு நாள் மாதங்கள் ஏழு. ஆண்டுக்கு ஏழு நாள் அவனுக்குக் கூடுதல். லீப் ஆண்டில் எட்டு. தேதி மாறாத பெரிய விடுமுறைகளைப் பார்த்தேன். மே ஒன்று, ஆகஸ்ட் முப்பத்தொன்று, டிசம்பர் இருபத்தைந்து, ஜனவரி ஒன்று. ஒன்றுகூட என் பக்கம் இல்லை.

வண்டியும் அவன் பக்கம்தான். அவனுக்கு இரண்டாவது உதையில் கிளம்பும். எனக்கு கார்புரேட்டரை அமுக்கிப் பெட்ரோல் வழியவிட்டு, கைப்பிடி நெம்புகோலைத் தள்ளி, சாமியைக் கும்பிட்டு உதைத்தால், உதைமிதி திருப்பி என் முழங்காலுக்குக் கீழே அடிக்கும். அவன் ஓட்டித் தீர்த்த எண்ணெயை நான் ஊற்றுவேன். அவன் நாளில் தளர்ந்த நட்டு என் நாளில் விழும். ஜப்பான் வண்டிகளின் ஸ்பானர் எதுவும் அதற்குப் பொருந்தாது. ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்தேன்: இன்று கிளம்பவில்லை, இன்று கோப்பெங் வரை தள்ளினேன், இன்று மழை. அவனிடம் காட்டினால், “நல்லா எழுதிருக்க மச்சான்” என்பான்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது லுமுட் ஓட்டம்.

ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணனும் பழைய வண்டிக்காரர். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் காலை, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவர் கடை முன் கூடுவார்கள். லகாட் வழியாகச் சித்தியவான் போய், லுமுட் படகுத்துறையைத் தொட்டுத் திரும்புவார்கள். ஓட்டியவர்களின் பெயர்கள் அவருடைய தடித்த நோட்டில் ஏறும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த நோட்டை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் எழுதினேன். யார் முதலில் சேர்ந்தார், யாருக்கு டயர் வெடித்தது என்று என் பங்காளி வந்து சொல்லச் சொல்ல எழுதினேன். என் பெயரை ஒருமுறைகூட எழுதவில்லை. அந்த நோட்டில் ஒரு வரி எனக்கு வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

எண்பத்தொன்றின் நவம்பரில் அவனிடம் கேட்டேன். வரும் ஜனவரி ஒன்று எனக்கு, பதிலுக்கு இரண்டு அவனுக்கு. ஆச்சரியமாக உடனே ஒத்துக்கொண்டான். எனக்குச் சந்தேகம். தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

புத்தாண்டுக் காலையில் சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தது. துடைத்து, தொட்டி நிறைய பெட்ரோல் போட்டிருந்தான். முதல் உதையில் கிளம்பியது. ஈப்போ வரைக்கும் பாடிக்கொண்டே போனேன். கடை முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

“கிராணி தம்பி, இன்னிக்கு எங்க இந்தப் பக்கம்?” என்றார் அண்ணன்.

“ஓட்டம் அண்ணே.”

“இன்னிக்கு வெள்ளிக்கெழமை லா! ஜும்மாவ விட்டுட்டு நான் லுமுட்டுக்கா போவேன்? நாளைக்குத்தான். ஒங்க கூட்டாளிகிட்ட ரெண்டு வாரத்துக்கு முந்தியே சொல்லிட்டேனே.”

சுவரில் காலண்டர் தொங்கியது. பெரிய சிவப்பு எழுத்தில் ஒன்று. அதன் கீழே வெள்ளிக்கிழமை. ஐந்தரை ஆண்டுகளாகத் தேதி ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்த்துப் பழகியவன், கிழமையைப் பார்க்கவே இல்லை. நாளை இரண்டு. இரட்டைப்படை. நான் எழுதிக் கொடுத்திராவிட்டால் என் நாள்.

தேத்தண்ணி கொடுத்தார். குடிக்கவில்லை. கோபத்தோடு வண்டியை லகாட் பக்கம் திருப்பினேன். தனியாகவே போனேன். ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டி, சித்தியவானைத் தாண்டி, லுமுட் வரைக்கும் வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. அப்படி ஒரு ஓட்டத்தை அது எனக்கு அதற்கு முன் கொடுத்ததில்லை. படகுத்துறையைத் தொட்டேன். பார்த்தவர் யாருமில்லை. சாட்சிக்கு ஒரு பொட்டலம் நெத்திலி வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் அண்ணன் மேசைமேல் வைத்தேன்.

“அண்ணே, லுமுட்டு நெத்திலி. போயிட்டு வந்துட்டேன். பேர எழுதலாமா?”

முகர்ந்து பார்த்தார். “நல்ல நெத்திலிதான். ஈப்போ மார்க்கெட்லயும் இதே விக்கிறான்.” பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, “ஒத்த ஆளாப் போனா அது ஓட்டம் இல்ல தம்பி. சும்மா ஜாலான் ஜாலான், ஊர் சுத்துறது” என்றார்.

சாயங்காலம் பங்காளியைப் பிடித்தேன்.

“ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“ஏண்டா சொல்லல?”

“சொன்னா நீ தாள கிழிச்சிருப்ப. அதுவுமில்லாம, நான் ரெண்டாந் தேதிக்கு லீவு போட்டப்ப நீதானே மச்சான் பதிஞ்ச? ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

உண்மைதான். அந்த லீவுத் தாளை நானே வாங்கி, நானே புத்தகத்தில் ஏற்றியிருந்தேன். மாற்றிக் கொடுத்த நாளில் சும்மா ஊர் சுற்றப் போகிறான் என்று நினைத்திருந்தேன்.

“சரி, நாளைக்குப் பின்னால ஏறிக்க” என்றான்.

பின்னால் உட்காருபவன் பெயர் நோட்டில் ஏறாது. அதோடு சனிக்கிழமை எனக்கு ஆபீஸ். காலையில் பெரட்டில், என் இரட்டைப்படை நாளில், சாவியை அவன் கையில் வைத்தேன். இரண்டாவது உதையில் கிளம்பினான். சத்தம் கோப்பெங் சாலை திரும்பும்வரை கேட்டது. ஆபீசுக்குப் போய் அவன் பெயருக்கு நேரே ‘லீவு’ என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். தேதியை எழுதினேன். கிழமையை எழுதினேன். பதினொரு வண்டிகள். அவன் சொல்லச் சொல்ல வரிசையாகப் பெயர்கள் ஏறின. ஏழாவது எங்கள் வண்டி. பேனா அங்கே கொஞ்சம் நின்றது.

“என்னா யோசிக்கிற?” என்றான். “எழுது லா.”

அவன் பெயரை எழுதினேன்.