வெயிலில் காயவைத்த கரிசல்

உருகிய மெழுகும் ஈரக் கரிசலும் கலந்த ஒரு வாசனை... அறுபதுகளில் விருதுநகரில் நான் வேலைக்குச் சேர்ந்த மண் பரிசோதனை லேபுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது அதுதான்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் புதுக் கரை. கரை உட்காரப் போகிற மண் எவ்வளவு தாங்கும், எப்போது வழுக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். கரைக்குக் கீழேயே ஊர். ஈரம் போகாமல் மெழுகு ஊற்றி மூடிய இரண்டு டப்பாக்களில் மண் வந்திருந்தது.

மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிகிற ஒரு பித்தளைப் பெட்டிதான் சோதனைக் கருவி. உள்ளே மண், மேலே எடைக்கல். கைப்பிடியைச் சுற்றினால் கீழ்ப்பாதி நகரும். மண் எதிர்த்து நிற்கும்வரை டயலில் முள் ஏறும், மண் அறுந்ததும் இறங்கிவிடும். அந்த முள்ளைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை.

அன்று முள் ஏறியது... ஏறிக்கொண்டே இருந்தது.

"ஏலே, நம்ம கரிசலுக்கு இம்புட்டு பலமா?"

கேட்டுக்கொண்டே லேப் இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கரையைச் செங்குத்தாகவே போடலாம் என்று ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கை கழுவ வெளியே போனேன். வெயிலில் என் தகரத்தட்டு கிடந்தது... அதில் கரிசல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

நான் நாரணாபுரத்துக்காரன். வீட்டில் எல்லோருக்கும் பட்டாசு வேலை; காய்ந்தால்தான் காசு. எங்கள் ஊரில் ஈரமாக எதைக் கண்டாலும் கை தானாக வெயிலில் கொண்டுபோய் வைக்கும். காலையில் டப்பாவிலிருந்து வெட்டிய மண் பிசுபிசுத்ததும் அதே பழக்கத்தில் காயவைத்திருக்கிறேன். காய்ந்த கரிசல் பலமாகத்தானே இருக்கும்? கண்மாயில் தண்ணீர் நின்றால் அது ஈரமாகத்தான் கிடக்கும்.

சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். ஆனால் அந்தக் கரைக்குக் கீழே இருக்கிற ஊர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"சார்... அந்த மண்ண நாந்தான் வெயில்ல வச்சேன்."

எழுதிய தாளைக் கிழித்தார். "ரெண்டாவது டப்பாவ எடுத்துட்டு வாங்க."

எப்போதும் 'ஏலே' போடுகிறவர் 'வாங்க' என்றதும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மெழுகை உடைத்தோம், ஈரத்தோடு வைத்தோம், சுற்றினோம். முள் பாதிகூட ஏறவில்லை... சரிந்துவிட்டது.

"கரைய நல்லாச் சாச்சுப் போடணும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, போயி டீ சொல்லு."

வேலை போகவில்லை என்று அதில்தான் தெரிந்தது.

இப்போது பேத்தி படிக்கிற காலேஜில் இதே சோதனைக்குக் கம்ப்யூட்டரே கிராஃப் போட்டுவிடுகிறது. அந்தப் படபடப்பு அவளுக்குக் கிடைக்காது, பாவம்.

போன மழைக்கு அந்தக் கண்மாய் நிறைந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாய்வான கரையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மழை விட்டு வெயில் அடித்ததால் கீழே ஊரில் எல்லா மாடியிலும் துணி காயப்போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.