அடியில்லாத ட்ரம்

1973 குறுவையில், மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கடைமடை ஊரில், கண்ணுக்குத் தெரியாமல் போகும் தண்ணீரை அளக்கும் வேலை பொதுப்பணித்துறை ஊழியர் நாகநாதன் தலையில் விழுந்தது. பிரகதாம்பாளின் குத்தகை வயலில் இரண்டு ட்ரம்களைப் புதைத்து, உள்ளேயும் நெல் நட்டார். அடியுள்ள ட்ரம்மில் குறைவது வெயிலும் பயிரும் எடுத்தது. அடியில்லாததில் கூடுதலாகக் குறைவது மண் குடித்தது. அந்தக் கூடுதலைக் காட்டினால் முறை வைத்து வாய்க்காலில் ஐந்து நாள் விடும் தண்ணீரை ஏழு நாள் விடுவார்கள். களிமண் எங்கே குடிக்கப்போகிறது என்று மேலதிகாரி சிரித்திருந்தார்.

முதல் வாரம் தினமும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். எட்டாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை. நண்டு வளை தேடினார்; அளவுகோலை மாற்றினார்; கும்பகோணம் போய்க் கண்ணாடியையும் மாற்றினார். பத்தொன்பது நாள் இப்படிப் போனபின், களை பறித்துக்கொண்டிருந்த பிரகதாம்பாளிடம், அடியில்லாத ட்ரம்மில் தண்ணீர் ஏன் கூடுதலாகக் குறையவில்லை என்று அலுப்போடு கேட்டார்.

"நான்தான் ஊத்துறேன் சார். அந்த ட்ரம்முல பயிரு காயுது. மிராசுதார் ஆளு தெனம் இந்த வரப்புலதான் போறான். குத்தகைப் பதிவுல என் பேரு ஏறி ஆறு மாசம் ஆகல. இவளுக்கு வெவசாயம் தெரியலன்னு சொல்லிட மாட்டானா?"

"அது குறையணும்மா. குறைஞ்சாத்தான் உங்களுக்குத் தண்ணி."

"காஞ்சாத்தான் தண்ணியா? நல்லா இருக்கு உங்க நாயம்."

பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் ஊற்றிய செம்பை வாங்கி அளந்தார். தினம் எத்தனை செம்பு என்று தெரிந்தால் கணக்கைத் திருத்திவிடலாம். இரண்டு என்றாள், யோசித்து, சில நாள் மூன்று என்றாள். அவள் வராத நாட்களில் புருஷன் காத்தான் ஊற்றினானாம். அவன் ஊற்றியது செம்பால் அல்ல, குடத்தால்.

நோட்டில் பத்தொன்பது நாளையும் சிவப்பு மையால் அடித்து, 'வெளித்தண்ணீர் சேர்ந்தது' என்று எழுதினார். முதல் வாரத்தை வைத்து மீதியை நிரப்பி அனுப்பச் சொன்னார் அதிகாரி. அளக்காததை எழுத நாகநாதனுக்குக் கை வரவில்லை. முதல் வாரத்து அளவு மட்டும் போதாது என்று முறைத்தண்ணீர் ஐந்து நாளாகவே நின்றது.

"ஏதாச்சும் ஒண்ணு எழுதியிருக்கலாம்ல சார்" என்றாள் பிரகதாம்பாள். அவர் சம்பா நடவுக்கு ட்ரம்களை மறுபடி புதைத்தபோது, சுற்றிலும் முள் வெட்டிப் போட்டார்.

"முள்ளு மாட்டுக்கா சார், எனக்கா?"

"உங்க வீட்டுக்காரருக்கு" என்றார் நாகநாதன்.