அறுபத்தோராவது வாக்கியம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக நீராவி இஸ்திரி மெஷினில் நிற்பவள். போன மாதம் அதன் மூடி தானாக இறங்கி, கூட நின்றவளின் மணிக்கட்டு வெந்துபோனது. மூடியைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருந்தது. சூப்பர்வைசரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மேனேஜருக்கு இங்கிலீஷ்தான் புரியும். நீங்களே சொல்லிக்கோங்க" என்று கழன்றுகொண்டார்.

சரி, நிர்வாகமே ஆங்கில வகுப்பு நடத்துகிறதே என்று சேர்ந்தாள். அன்றாட ஆங்கிலம், அறுபது வாக்கியம், வழவழ அட்டைப் புத்தகம். மன்னிப்புக் கேட்க ஒன்பது விதம் இருந்தது. கை வெந்தது என்று சொல்ல ஒரு வரி இல்லை.

"சார், மெஷின் கெட்டுப்போச்சு, கை வெந்துருச்சு. இதை எப்படிச் சொல்றது?"

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "புத்தகத்துல இல்லாததைச் சொல்லித்தர எனக்கு அனுமதி இல்லம்மா."

வெந்த மணிக்கட்டில் கட்டோடு பின்னால் உட்கார்ந்திருந்த கைக்கட்டுக்காரி சொன்னாள்: "விடுக்கா. அடுத்த தடவை வெந்தா மெஷின்கிட்ட சாரி சொல்லிடறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. குனியப் பழக்கத்தான் இத்தனை ஏற்பாடா?

மறுநாள் முதல் சுவர்களைப் படித்தாள். லிப்ட் கதவில் 'ப்ரோக்கன்'. கைகழுவும் தொட்டிமேல் 'ஹேண்ட்'. மின்பெட்டியில் 'டேஞ்சர்'. வகுப்பில் பழகிய எழுத்துகள் அதற்காவது உதவின.

சான்றிதழ் நாளில் மேனேஜர் வந்தார். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவள் முறை வந்தது.

"சார். மெஷின் ப்ரோக்கன். ஹேண்ட் டேஞ்சர்."

"புத்தகத்துல இருக்கறதைச் சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

மேனேஜரோ "வெரி குட்" என்று கைதட்டிச் சான்றிதழை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கைக்கட்டுக்காரியை முன்னால் இழுத்து, கட்டைப் பிரித்துக் காட்டினாள். மேனேஜர் சான்றிதழை மேசையில் வைத்தார். ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். அவள் வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டுச் சலவைக்கூடத்துக்கு நடந்தாள். அவர் பின்னால் வர வேண்டியதாயிற்று.

தொங்கும் கொக்கியை விரலால் ஆட்டிக் காட்டினாள். அவரே சுவிட்சை அணைத்தார்.

"சர்ட்டிபிகேட் மேசையிலயே கிடக்குதுக்கா" என்றாள் கைக்கட்டுக்காரி.

"கிடக்கட்டும். முதல்ல புதுக் கொக்கி வரட்டும்."